எமனும் கோமாளியும் ஆடும் முற்றம்

எமதர்மன் களமிறங்கச் சற்று நேரம் இருந்தது. அதற்குள் சிவப்பு முகமூடியும் வளைந்த பெரிய மூக்குமாக ஒரு கோமாளி கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். கையில் மரத்தில் செதுக்கிய ஆண்குறி. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மூதாட்டிகளின் தலையில் ஒவ்வொன்றாக அதை வைத்து எடுத்தார். அவர்கள் பயபக்தியோடு குனிந்து வாங்கிக்கொண்டார்கள். நிமிர்ந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பத்தடி தள்ளிப் பிக்குகள் இருவர் தரைவரை நீளும் செப்புக் கொம்புகளை ஊதிக்கொண்டிருந்தார்கள். கோமாளி அங்கே போய் இளையவரின் தோளில் சாய்ந்து, கொம்பின் முழக்கத்துக்குத் தக்கபடி வாயைக் கோணினார். பிக்குவுக்குச் சிரிப்பு வந்து மூச்சு தப்பியது. கொம்பு பிசிறடித்தது. யாரும் அதட்டவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த பிக்குவும் தோள் குலுங்கச் சிரித்தார்.

பூட்டானின் பாரோ பள்ளத்தாக்கில் வசந்த காலத்தில் நடக்கும் செச்சுத் திருவிழா இது. கீழே பாரோ ஆறு கூழாங்கற்களின் மேல் தெளிவாக ஓடுகிறது. மூடிய மரப்பாலத்தைக் கடந்து ஏறினால் ரின்புங் ஜோங். பாதி கோட்டை, பாதி மடம். 17ஆம் நூற்றாண்டில் பூட்டானை ஒரே நாடாக்கிய ஷப்த்ருங் ஙவாங் நாம்கியால் எழுப்பியது. 1897ஆம் ஆண்டின் பெரிய நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது, 1907இல் தீக்கு இரையானது, மறுபடி கட்டினார்கள். சரிந்த வெள்ளைச் சுவர்களும் செதுக்குவேலை நிறைந்த மரச்சன்னல்களுமாக இன்றும் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அதுதான் முகம். திருவிழாவின் முதல் நாள் ஆட்டம் ஜோங்குக்கு உள்ளே. மறுநாளிலிருந்து மேலேயுள்ள கல் பாவிய முற்றத்துக்கு வந்துவிடுகிறது. மேட்டுச் சரிவெல்லாம் ஜனம். ஆண்கள் முழங்காலளவு 'கோ' அணிந்து தோளில் வெள்ளைத் துண்டு போட்டிருக்கிறார்கள். பெண்கள் கணுக்காலைத் தொடும் 'கிரா'வில், நெய்த பட்டின் எல்லா நிறங்களிலும் வந்திருக்கிறார்கள்.

மாதத்தின் பத்தாம் நாள் பத்மசம்பவருக்கு உரியது. எட்டாம் நூற்றாண்டில் இமயமலை நாடுகளில் தாந்திரிக பௌத்தத்தை வேரூன்றச் செய்தவர் அவர். பூட்டானியர் அவரைக் குரு ரிம்போச்சே என்கிறார்கள். பேச்சில் வெறும் 'குரு' என்றாலே அவர்தான். அவர் பெயரால் ஊருக்கு ஊர் நடக்கும் செச்சுகளில் பாரோவுடையது புகழ்பெற்றது.

கோமாளிக்கு அத்சரா என்று பெயர். இந்தியாவிலிருந்து மலையேறி வந்த ஆச்சாரியர்களின் உருவம் என்பார்கள். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் சிரிக்கவைப்பது மட்டும் அவர் வேலை இல்லை. ஆடுகிறவரின் இடுப்புக்கச்சை தளர்ந்தால் ஓடிப்போய் இறுக்கிக் கட்டுகிறார். முகமூடி சரிந்தால் நிமிர்த்துகிறார். களத்துக்குள் தவழ்ந்து வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவிடம் கொடுக்கிறார். "எல்லா ஆட்டத்தையும் கரைத்துக் குடித்தவர்தான் அத்சரா ஆக முடியும் லா" என்றார் என்னோடு வந்த வழிகாட்டி. மரியாதைக்கு வாக்கிய முடிவில் 'லா' சேர்ப்பது அவர்கள் வழக்கம். இந்தி பேசினாலும் ஆங்கிலம் பேசினாலும் அது விடாமல் வந்து ஒட்டிக்கொள்ளும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையும் கிண்டல் செய்துகொண்டு கூத்தையும் நடத்திக்கொண்டு போவானே, கிட்டத்தட்ட அந்தப் பொறுப்பு. ஒரு வித்தியாசம்தான் என்னைக் கட்டிப்போட்டது. இங்கே கோமாளி கேலி செய்வது ராஜாவை விட்டுவிட்டு, நேராக மதத்தை. அதுவும் மதமே அவரை அழைத்துவந்து நிறுத்தி, கேலி செய்யச் சொல்லிவிட்டுக் கேட்டு மகிழ்கிறது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் புத்தர் ஒரே வரியில் அடங்கிப்போகிறார்: ஆசையே துன்பத்துக்குக் காரணம். அதற்குமேல் தமிழில் தேடிப் போகிறவர்களுக்கு மணிமேகலை. அந்தக் காப்பியம் எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். புகாரில் இந்திர விழா. ஊரே கூடியிருக்கிறது. ஆட வேண்டிய மாதவியும் அவள் மகளும் வரவில்லை; ஊர் அலர் தூற்றுகிறது. கோவலன் இறந்த பிறகு மாதவி ஆடலரங்கைத் துறந்து அறவண அடிகளிடம் அடைக்கலம் போய்விட்டாள். மகளையும் அந்த வழியிலேயே விடுகிறாள். திருவிழா ஒரு பக்கம், பௌத்தம் இன்னொரு பக்கம். காலில் சலங்கை இருக்கும்வரை அறத்துக்குள் நுழைய வழியில்லை. மாதவியின் நிலைமையில் அதற்கு நியாயமும் இருந்தது. அவள் ஆடல் அவளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஆனால் அந்தக் கதையிலிருந்து நேராகப் பாரோவுக்கு வருகிற தமிழ் வாசகருக்கு இந்த முற்றம் தலைகீழாகத் தெரியும். இங்கே விழா நாளில் அரங்கேறி ஆடுகிறவர்கள் பிக்குகள்.

புத்தரின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் போதி மரத்துக்கு முன்னால் வருகிறது. மஜ்ஜிம நிகாயம் என்னும் பாலித் தொகுப்பில் மகாசச்சக சுத்தம் என்று ஒரு சூத்திரம். சித்தார்த்தர் ஆண்டுக்கணக்கில் உடம்பை வருத்துகிறார். மூச்சை அடக்குகிறார். ஒரு கைப்பிடி பருப்புச் சாறே நாள் முழுக்கச் சாப்பாடு. வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு வற்றிப்போகிறார். இதற்குமேல் வருத்திக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்னும்போது ஒரு பழைய ஞாபகம் வருகிறது. சிறுவனாக இருந்தபோது, தந்தை வயலில் வேலையாக இருந்த ஒரு நாள், நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் தனியே உட்கார்ந்திருக்கிறார். மனம் தானாகக் குவிந்து மகிழ்ச்சியில் நிறைகிறது. ஒருவேளை இதுதான் வழியோ என்ற கேள்வி அந்த ஞாபகத்திலிருந்து பிறக்கிறது. அடுத்து அவர் தன்னையே கேட்டுக்கொள்வதுதான் என்னை இந்தப் பயணம் வரை இழுத்து வந்தது: யாருக்கும் தீங்கில்லாத இந்த இன்பத்தைக் கண்டு நான் எதற்காகப் பயப்படுகிறேன்?

பயப்படத் தேவையில்லை என்று முடிவெடுக்கிறார். முடிவெடுத்த கையோடு செய்கிற காரியம், சாப்பிடுவது. வற்றிய உடம்பில் அந்த மகிழ்ச்சி தங்காது என்று சோறும் கஞ்சியும் உண்கிறார். கூட இருந்த ஐந்து தவசிகளும் இவர் சுகபோகத்தில் விழுந்துவிட்டார் என்று வெறுத்து விலகிப்போகிறார்கள். விழிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. பள்ளிப் பாடத்தில் இந்த நாவல் மரமும் இந்தச் சோறும் இல்லாமல் போனது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். தியானத்தின் முதல் நிலையிலேயே பிரீதியும் சுகமும் உண்டு என்று பாலி நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. விழிப்புக்கு வேண்டிய ஏழு உறுப்புகளில் பிரீதியும் ஒன்று. கடைசியில் கிடைக்கும் பரிசாக அதை வைக்கவில்லை. நடக்கத் தொடங்கும்போதே கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பூட்டானின் தாந்திரிக பௌத்தமான வஜ்ரயானம் இன்னும் துணிந்து போகிறது. கண், காது, நாக்கு, தோல் எல்லாம் கட்டிப்போட வேண்டிய மாடுகள் என்று அது கருதுவதில்லை. பழக்கினால் அவையே பாதை. பூட்டானியரின் மரபில் பார்த்தாலே விடுதலை, கேட்டாலே விடுதலை, சுவைத்தாலே விடுதலை, தொட்டாலே விடுதலை என்று புலனுக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பத்தாம் நாளன்று வீடுகளிலும் மடங்களிலும் 'சோக்' படையல் நடக்கும். மாவில் பிடித்த தோர்மா, பழங்கள், பிஸ்கட், இறைச்சி, மது எல்லாவற்றையும் அடுக்கிப் படைத்து மந்திரம் ஓதுவார்கள். பிறகு கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் பங்கு. இது ஆகும், இது ஆகாது என்று ஒதுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் துளியாவது நாக்கில் படவேண்டும். மிச்சத்தை வெளியே கொண்டுபோய்ப் பசித்த ஆவிகளுக்கு வைத்துவிடுகிறார்கள். இன்பத்தைத் தனியே விழுங்கிக்கொள்ளாமல் படைத்துப் பகிர்ந்து சுவைப்பதே அங்கே பயிற்சி.

ஆட்டங்களில் என் மனம் தங்கியது த்ரமெட்சே ஙாச்சாம் என்னும் முரசு ஆட்டத்தில். கிழக்குப் பூட்டானின் த்ரமெட்சே மடத்தில் 16ஆம் நூற்றாண்டில் பிறந்தது. குரு ரிம்போச்சேயின் செப்புநிற மலைச் சுவர்க்கத்தில் தேவர்கள் ஆடியதைத் தியானக் காட்சியில் கண்டு ஒரு லாமா அமைத்தார் என்பது வரலாறு. மரபுப்படி பதினாறு பேர் ஆடுவார்கள். வாத்தியக்காரர்கள் பத்துப் பேர். யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்ற ஆட்டம். விலங்கு முகமூடி, மஞ்சள் பட்டுப் பாவாடை, இடக்கையில் பிடி வைத்த முரசு, வலக்கையில் கேள்விக்குறிபோல் வளைந்த கோல். வெறுங்கால்கள் கல்லில் பதிந்து எழும்பும்போது பாவாடைகள் எல்லாம் ஒரே நொடியில் விரிந்து நிற்கின்றன. அப்படியே காற்றில் ஒரு பாதிச் சுற்று. முரசு விழும் இடமும் பாதம் விழும் இடமும் ஒன்று.

ஆட்டம் முடிந்து வந்தவர்கள் முகமூடிகளைக் கழற்றி வைத்த இடத்தில் சற்று நேரம் நிற்க வாய்த்தது. ஒரு மான் முகமூடியை அருகில் பார்த்தேன். மரத்தில் குடைந்தது, எதிர்பார்த்ததைவிடக் கனமானது. அதன் கண்கள் ஆடுகிறவரின் கண்களுக்கு நேராக வருவதில்லை. திறந்த வாயின் வழியாகத்தான் அவர் உலகத்தைப் பார்க்கிறார். உள்பக்கம் வியர்வையில் கறுத்து வழவழப்பாகியிருந்தது. எத்தனை பேருடைய வியர்வையோ. அதை அணிந்திருந்த பிக்கு, தலையைச் சுற்றியிருந்த துணிப்பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முகமூடி நெற்றியில் உரசாமல் இருக்க வரிவரியாகச் சுற்றுவது. நெற்றியில் பட்டையின் தடம் சிவந்து பதிந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

களைப்பாக இல்லையா என்று கேட்டேன்.

"காலுக்கு உண்டு லா" என்றார். ஆடும்போது தன்னை அந்தத் தெய்வமாகவே பாவிக்க வேண்டும், நான் ஆடுகிறேன் என்ற எண்ணம் வந்தால் அடி பிசகிவிடும் என்று விளக்கினார். பயிற்சியின்போது அடியை மட்டும் கற்றுத் தருவதில்லை. எதை நினைத்து அடி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். பார்க்கிற நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "சந்தோஷமாகப் பாருங்கள். உங்கள் வேலை அதுதான்."

என் பக்கத்தில் ஒரு பாட்டி. பற்கள் தோமாவில் சிவந்தவை. நம் வெற்றிலை பாக்குதான் தோமா. பாதிப் பாக்கை, ஈரமும் வாடையும் போகாதபடி, சுண்ணாம்பு தடவிய இலையில் மடித்து வாயில் போடுகிறார்கள். மனித மாமிசம் தின்ற அரக்கர்களுக்கு மாற்றாகக் குரு கொடுத்தது என்று கதை. எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார். நம் கொட்டைப்பாக்கை மெல்லுகிறவர்கள் யாரும் தயாராக இல்லாத காரம் அது. காது மடல் சுட்டது, மலைக்குளிரில் நெற்றி வியர்த்தது. பாட்டி அதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். களத்தில் அப்போது சிறுவன் ஒருவன் பெரியவர்களின் வரிசைக்குக் கடைசியில் நின்று ஆடிக்கொண்டிருந்தான். அவன் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் பாட்டி தொடையில் தட்டித் தலையாட்டினார். பேரனா என்று வழிகாட்டியைக் கேட்கச் சொன்னேன்.

"யாருடைய பிள்ளையோ. அழகாக ஆடுகிறான் இல்லையா?"

மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்று நான்கு பெருங்குணங்களை பௌத்தம் வளர்க்கச் சொல்கிறது. முதிதை என்றால் பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது. நான்கில் இதுதான் கடினம் என்று சொல்வதற்கு வேண்டிய நியாயம் இருக்கிறது. அடுத்தவர் துயரத்தில் உருகுவது எளிது, அடுத்தவர் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கும்போது உள்ளம் குளிர்வது எளிதில்லை. பாட்டிக்கு அந்தச் சொல் தெரிந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. தொடையில் தாளம் விழுந்துகொண்டிருந்தது.

எமன் வந்தார். ரக்ஷா மார்ச்சாம், அதாவது இறந்தோரின் நியாயத் தீர்ப்பு. செச்சுவின் நீண்ட ஆட்டங்களில் ஒன்று. சித்திரகுப்தன் ஏடு புரட்டக் கேட்டு வளர்ந்த நமக்குக் கதை புதிதில்லை. ஷின்ஜே என்று அவர்கள் கும்பிடுவது நம் எமனையேதான். ஆளுயரத்தைவிடப் பெரிய உருவமாக அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். காளைத்தலை, குரங்குத்தலை, பன்றித்தலை எனப் பரிவாரம் சூழ்ந்து ஆடுகிறது. ஒரு பாவி இழுத்துவரப்படுகிறான். வெள்ளைத் தேவன் அவனுக்காக வாதாட, கருப்புப் பூதம் அவன் செய்த கொலைகளை அடுக்க, தராசில் நல்வினையும் தீவினையும் ஏறுகின்றன. தீர்ப்பு வந்ததும் கருப்புத் துணி விரிந்த வழியில் அவனை நரகத்துக்குத் தள்ளிப்போகிறார்கள். பாவி தப்பித்துக் கூட்டத்துக்குள் ஓடப் பார்க்கிறான். குழந்தைகள் அலறுகிறார்கள், பெரியவர்கள் சிரிக்கிறார்கள், அத்சரா அவனை ஒளித்துவைப்பதுபோல் பாவனை செய்து காட்டிக்கொடுக்கிறார். பிறகு புண்ணியவான் வருகிறான். அவனுக்கு வெள்ளைத் துணி.

சாவைப் பற்றிய போதனை இது. செத்த பிறகு இப்படிப்பட்ட கோர உருவங்கள் எதிரே வரும், அவற்றை உயிரோடு இருக்கும்போதே பார்த்துப் பழகிக்கொள், அப்போதுதான் அங்கே பயப்பட மாட்டாய் என்பது ஆட்டத்தின் நோக்கம். நான் பார்த்த வரையில் அந்தப் பழக்கம் பலிப்பதற்குக் காரணம் சிரிப்புதான். மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டு, சொந்தச் சாவின் ஒத்திகையைப் பார்க்கிற ஜனம் அது. பயமுறுத்தி மட்டும் சொல்லியிருந்தால் குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒருவரும் மூடவில்லை. விரல் இடுக்கு வழியாகவாவது பார்த்தார்கள்.

மதியம் கூடைகள் திறந்தன. 'பாங்ச்சுங்' என்னும் அந்தக் கூடையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். சாயமேற்றிய மூங்கில் சிம்பில் பின்னிய இரண்டு அரைக் கிண்ணங்கள். ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து அழுத்தினால் காற்றுப் புகாமல் பொருந்துகிறது. உள்ளே சிவப்பரிசிச் சோறு, கைச்சூட்டோடு. கூட எமா தாட்சி. பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறி, பாலாடைக் கட்டியில் கொதிக்கவைத்தது. மிளகாய் அவர்களுக்குத் தாளிக்கிற பொருள் இல்லை, காய்கறி. வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த சுஜா தேநீர் பிளாஸ்க்கிலிருந்து மரக்கிண்ணங்களுக்கு வந்தது. ஆரா என்னும் சாராயமும் சுற்றியது. பக்கத்துப் பாயில் இருந்த பிக்கு சாப்பிடும் முன் ஒரு கவளத்தை எடுத்து வைத்து உதடசைத்துவிட்டு, பிறகு ரசித்து ரசித்துச் சாப்பிட்டார். காரத்தில் கண் கலங்கியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.

இந்த மனநிலைக்கு ஊற்றுக்கண் எங்கே என்று கேட்டால் பூட்டானில் எல்லோரும் ஒரே ஆளைக் காட்டுகிறார்கள்: த்ருக்பா குன்லே. திபெத்தின் ராலுங் மடத்து வம்சத்தில் 1455இல் பிறந்தவர். மடத்தில் நிலைக்காமல் கிளம்பி, வில்லும் அம்பும் நாயுமாக ஊர் ஊராகத் திரிந்தார். பாட்டும் மதுவும் காமமும் கலந்த நையாண்டியில் தர்மத்தைச் சொன்னார். பகட்டாகப் பூசை செய்யும் லாமாக்களைக் கூட்டத்தின் நடுவிலேயே வாரினார். பூட்டானியருக்கு அவர் தெய்வீகப் பித்தர். அவர் பெயரோடு சேர்ந்த சிமி லாகாங் கோயிலைப் பார்க்க, பாரோவிலிருந்து தோச்சு லா கணவாயைக் கடந்து புனாக்கா பக்கம் இறங்கினேன். சோப்சோகா கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டு வயல் வரப்பில் நடக்க வேண்டும். வீட்டுச் சுவர்களில் ஆளுயரத்துக்கு ஆண்குறி ஓவியங்கள், ரிப்பன் கட்டி, கண் வரைந்து. கண்ணேறு படாமல் இருக்கவும் வம்சம் தழைக்கவும் வரைவது. அதன் கீழே மிளகாய் காய்கிறது, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

குன்றின் மேல் சிறிய கோயில். குன்லேயின் உறவினரான லாமா ஒருவர் 1499இல் கட்டியது. பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் மரக்குறியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றுகிறார்கள். குழந்தை பிறந்து தூக்கிவருகிறவர்களுக்கு மூங்கில் சீட்டு எடுத்துப் பெயர் வைக்கிறார்கள். நான் போனபோது இளம் தம்பதி ஒன்று கைக்குழந்தையோடு சீட்டுக்காகக் காத்திருந்தது. சீட்டில் வந்த பெயரைப் பிக்கு உரக்கச் சொன்னதும் குழந்தையின் அப்பா அதை மூன்று விதமாகக் கூப்பிட்டுப் பார்த்தார். குழந்தை மூன்றுக்கும் திரும்பவில்லை. பிக்கு குழந்தையின் உச்சியில் வில்லையும் மரக்குறியையும் வைத்து ஆசீர்வதித்தார். பிறகு எனக்கும். உடம்பைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரு கருவறைக்குள் நிற்பது என்ன உணர்வு என்பதை அங்கே அறிந்தேன். விடுதலை பெற்றது பாதம் முதல் தலைவரை முழு ஆள்.

இதையெல்லாம் சொல்லும்போது பூட்டானை ஆனந்த பூமி என்று விற்கிற விளம்பரங்களோடு நான் சேரவில்லை. மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற கருத்தை நான்காவது மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் முன்வைத்தார். 2008 அரசியலமைப்பு அதை அரசின் கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. அதே நாட்டிலிருந்துதான் 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் மக்கள் பெருந்திரளாக வெளியேற்றப்பட்டார்கள். நேபாள முகாம்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். முகாம் வாழ்க்கை என்றால் என்னவென்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று படித்த இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். என் வழிகாட்டியின் தம்பியும் பெர்த்தில் இருக்கிறார். ஆட்டத்தை அவருக்காகக் கைபேசியில் பிடித்துக்கொண்டே இருந்தார். அரசாங்கம் அளந்து காட்டுகிற மகிழ்ச்சி ஒன்று. முற்றத்தில் நான் பார்த்தது வேறு. அது எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்பதற்குச் சான்று இல்லை. சுகமில்லாதபோதும் மகிழ்ச்சியைப் பயிலலாம் என்று ஒரு மதம் கற்றுக்கொடுத்து வருவதற்குச் சான்று.

அந்தப் பயிற்சியின் உச்சம் கடைசி நாள் விடியற்காலையில். இருட்டோடு எழுந்து, உறைபனி படிந்த படிகளில் கைபேசி வெளிச்சத்தில் ஏறினோம். எங்களுக்கு முன்னே குழந்தைகளை முதுகில் கட்டிய அம்மாக்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தின் கட்டடச் சுவர் முழுவதையும் மறைத்துக்கொண்டு தோங்த்ரெல் ஏறத் தொடங்கியது. வரைந்த ஓவியம் அது இல்லை. பட்டுத் துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்த பல மாடி உயரத் திரை. கயிறுகள் இழுக்க இழுக்க மார்பு, மடி, பாதம், தாமரை என்று குரு ரிம்போச்சே எழுந்தார். இரு பக்கமும் மண்டாரவா, யேஷே சோக்யால் என்ற இரண்டு துணைவியர். சுற்றிலும் குருவின் எட்டு வடிவங்கள். அடியில் வெண்ணெய் விளக்குகள் வரிசையாக எரிந்தன. வெண்ணெய்ப் புகையும் சாம்பிராணி மாதிரியான ஜூனிபர் புகையும் குளிர்காற்றும் ஒன்றாகக் கலந்து வந்தன.

கண்டாலே விடுதலை தரும் திரை இது என்பது அவர்கள் நம்பிக்கை. மந்திரம் தெரிய வேண்டாம், தத்துவம் படித்திருக்க வேண்டாம். கண் இருந்தால் போதும். கண்ணுக்கு இவ்வளவு பெரிய மரியாதையை வேறெந்த வழிபாட்டிலும் நான் பார்த்ததில்லை. அந்த நீலத்தையும் பொன்மஞ்சளையும் கண் குடிக்கட்டும் என்று ஒரு நாடே விடியலுக்கு முன் எழுந்து வந்து நிற்கிறது. வரிசை மெல்ல நகர்ந்தது. எல்லோரும் திரையின் விளிம்பில் நெற்றியை வைத்து எடுத்தார்கள். எனக்கு முன்னால் சென்றவர் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கன்னத்தைத் தட்டி எழுப்பி, "பார், பார்" என்று காட்டினார். என் முறை வந்தபோது நெற்றியில் பட்டது குளிர்ந்த பட்டும், அதன் கீழே ஒரு தையலின் மேடும்.

சூரிய ஒளி பட்டால் பட்டு வெளுத்துவிடும். மலைமேல் வெயில் இறங்கும் முன்பே திரையைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். யாரும் வருந்தி நிற்கவில்லை. சுருட்டிய பொதியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீண்ட வரிசையாகப் பிக்குகள் போக, கொம்பும் தாளமும் பின்னால் போயின. இந்தப் பக்கம் பிளாஸ்க்குகளின் மூடி திறக்கும் சத்தம் எழுந்தது. அத்சரா அதற்குள் யாருடைய தொப்பியையோ பறித்துக்கொண்டு ஓடினார்.

போக நினைக்கிறவர்களுக்கு: பாரோ செச்சு பூட்டானிய நாட்காட்டியின் இரண்டாம் மாதத்தில் வரும்; நமக்கு மார்ச் கடைசி அல்லது ஏப்ரல். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ காட்டி அனுமதி வாங்கலாம். ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. விமானத்தில் பாரோவில் இறங்கலாம், தரைவழியாகப் புன்ட்சோலிங் எல்லையைக் கடந்தும் ஏறலாம். தோங்த்ரெல் நாளன்று விடுதியில் தூங்கிவிடாதீர்கள். கனமான கம்பளி உடை வேண்டும், உட்காரப் பாய் ஒன்று வேண்டும். மதியச் சாப்பாட்டை இரண்டு பேருக்கு அதிகமாகவே கட்டித் தரச் சொல்லுங்கள். பக்கத்துப் பாயில் இருக்கிறவர்கள் கூடையைத் திறந்ததும் உங்களைக் கேட்காமலேயே உங்கள் தட்டில் வைப்பார்கள். பதிலுக்கு அவர்கள் தட்டில் வைக்க உங்களிடமும் ஏதாவது இருக்கட்டும்.